இரவெல்லாம் கனலும் அடுப்பு

அமெரிக்காவின் மேற்குக் கென்டக்கியில் பிறந்து வேற்றூர் சென்றோர் பலரின் நினைவில் நிற்பது, சுட்ட ஆட்டிறைச்சியின் மணம். 19ஆம் நூற்றாண்டில் ஓவன்ஸ்பரோ வட்டாரத்தில் கம்பளிக்காகச் செம்மறிகளை வளர்த்தனர். முதிர்ந்த ஆட்டின் இறைச்சி கடினமானது. ஆகவே, ஹிக்கரி விறகின் தணலில் அதைப் பல மணி நேரம் வாட்டி, காடியும் மிளகும் கலந்த கருஞ்சாற்றைத் தடவித் தடவிப் பதப்படுத்தினர். இறைச்சியோடு சோளமும் உருளைக்கிழங்கும் கலந்து கொதிக்கும் 'பர்கூ' என்னும் குழம்பும் அவ்விருந்தில் இடம்பெறும்.

மந்தைகள் அருகிவிட்டபோதும் இக்கலை அழியவில்லை. அதைப் பேணுவோருள் கத்தோலிக்கப் பங்கு மக்கள் முதன்மையானோர். ஃபேன்சி ஃபார்ம் சிற்றூரின் புனித எரோணிமுஸ் பங்கில் 1880இல் தொடங்கிய கோடை விருந்து, ஆகஸ்டு முதல் சனிக்கிழமைக்கு உரியது. முந்திய இரவு முழுவதும் பங்கு மக்கள் தணலருகே விழித்திருப்பர். பிரிந்து வாழும் உறவினர் அந்நாளில் ஊர் திரும்புவர்.

ஹாம்பர்கர் எந்நகரிலும் சில நிமிடங்களில் கிடைக்கும். இவ்விறைச்சிக்கோ ஓர் இரவும் பலருடைய உழைப்பும் வேண்டும். பெரியோருடன் பிள்ளைகளும் அவ்விரவில் விழித்திருந்து கற்றாலன்றி, இச்சுவை அடுத்த தலைமுறையைச் சென்றடையாது.