பறவை விதைக்கும் காரம்

கோவையிலிருந்து ஆனைக்கட்டி தாண்டி அட்டப்பாடிக்குள் போனால் அகளி. கேரளத்தின் மற்ற ஊர்களைப் போல இங்கும் காந்தாரி மிளகாய் தெரியாதவர் இருக்க முடியாது. தமிழ்நாட்டில் ஊசிமிளகாய் என்பார்களே, அந்த இனம். வானத்தைப் பார்த்து நிற்கும் சின்னஞ்சிறு காய். பெரும்பாலும் யாரும் நடுவதில்லை. வேலியோரத்திலும் மரத்தடியிலும் தானாக முளைக்கும். நடுவது பறவைகள்தான்.

காந்தாரியின் காரத்துக்குக் காரணம் காப்சைசின் என்ற வேதிப்பொருள். 1876இல் இதைப் படிகமாகப் பிரித்துப் பெயரிட்டவர் ஜான் கிளஃப் த்ரெஷ். விதையில்தான் காரம் என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது சுரப்பது விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில். விதையில் இருப்பது அங்கிருந்து ஒட்டிக்கொண்டதுதான்.

இனிப்பு, புளிப்பு போலக் காரம் ஒரு சுவையே அல்ல. அது வலி. சுமார் 43 டிகிரி செல்சியசைத் தாண்டும் சூட்டை மூளைக்கு அறிவிக்க, நம் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்ற புரதம் இருக்கிறது. காப்சைசின் அதில் போய் ஒட்டியதும் சூடே இல்லாமல் 'சுடுகிறது' என்ற செய்தி கிளம்பிவிடும். வியர்ப்பதும் மூக்கு ஒழுகுவதும் அதனால்தான். 1997இல் இந்தப் புரதத்தை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வருமுன் இந்த மலைகளுக்குக் காரம் தந்த மிளகும் இதே புரதத்தைத்தான் தூண்டுகிறது, சற்று மென்மையாக.

பறவைக்கும் இந்தப் புரதம் உண்டு. ஆனால் காப்சைசின் அதில் வேலை செய்வதில்லை. டூக்ஸ்பரியும் நாப்ஹானும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், காட்டு மிளகாயை எலிகள் தொடவில்லை, பறவைகள் தின்றன. காரமில்லாத மிளகாயைக் கொடுத்தபோது எலிகளும் தின்றன, ஆனால் அவை மென்று போட்ட விதை ஒன்றும் முளைக்கவில்லை. பறவை எச்சத்தில் வந்த விதைகளோ முளைத்தன. பாலூட்டியை விரட்டிப் பறவையை அழைக்கும் செடியின் ஏற்பாடு இது என்றே சொல்லலாம். அதையும் மீறி, தேடிப்போய் அந்த வலியைத் தின்னும் விசித்திரப் பாலூட்டி மனிதன்.

யானைக்கு அந்த ஆசை இல்லை. ஆப்பிரிக்காவில் விவசாயிகள் மிளகாய்த் தூளைக் கழிவு எண்ணெயில் குழைத்து வேலிக் கயிற்றில் பூசி யானையைத் தடுக்கிறார்கள். காட்டு யானைத் தொல்லை அட்டப்பாடிக்கும் உண்டு என்பதால், இங்குள்ளவர்களும் அறிந்துவைக்க வேண்டிய செய்தி இது.

எல்லா மிளகாயும் ஒன்றல்ல. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற மலப்புரத்து எடையூர் மிளகாயில் காரம் மிகக் குறைவு. காந்தாரி அதற்கு நேரெதிர். அதைக் கடித்துவிட்டால் தண்ணீர் குடித்துப் பயனில்லை; காப்சைசின் நீரில் சரியாகக் கரையாது. பாலோ மோரோ குடியுங்கள், அவற்றிலுள்ள கேசின் புரதம் அதைப் பிரித்தெடுக்கும். நறுக்கிய கையில் முதலில் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதுவரை கண்ணைத் தொடாதீர்கள்.