தூக்க மாத்திரை கேட்டு வந்த சகோதரி

புரோத்ராபூரில் நான் மருந்துக் கடையில் நின்ற நாட்களில், கடை மூடும் நேரத்தில் சிலர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "அண்ணே, தூக்க மாத்திரை இருக்கா?" டாக்டர் சீட்டு கேட்டால் திரும்பிவிடுவார்கள். அப்படி இரண்டு முறை திரும்பிய சகோதரி ஒருவர், பிறகு என் மனைவியிடம் மனம் திறந்தார். ஏழு வயதில் உறவினர் ஒருவர் இழைத்த கொடுமை. நாற்பது வயதிலும் அதே கனவு. கதவு சத்தம் கேட்டாலே உடம்பு வியர்க்கும். கணவருக்கும் தெரியாதாம். அவருடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின், பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் நம் தீவுகளுக்கு வந்து மனநல சிகிச்சை அளித்தார்கள். கடல் செய்த கொடுமையைச் சொல்ல நாம் வெட்கப்படவில்லை. வீட்டுக்குள் நடந்ததைச் சொல்லத்தான் வாய் வருவதில்லை. மருத்துவத்தில் இரண்டின் விளைவுக்கும் பெயர் ஒன்றே. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய். இது எங்கோ ஒரு வீட்டுக் கதையும் அல்ல. 2007இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் விசாரிக்கப்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகக் கூறினர்.

அந்தச் சகோதரி கேட்ட தூக்க மாத்திரை இந்நோய்க்கு மருந்தல்ல. அல்பிரஸோலாம் போன்றவை அன்றிரவைக் கடத்தும். நாளடைவில் பழக்கமாகிவிடும், நோயும் அப்படியே இருக்கும். மனநல மருத்துவர் அவருக்கு எழுதிக் கொடுத்தது செர்ட்ராலின். மனச்சோர்வுக்கும் தருகிற மருந்துதான். 1999இல் அமெரிக்காவில் இந்நோய்க்கென்றே அங்கீகாரம் பெற்றது. நினைவை அழிக்கும் மாத்திரை உலகில் எங்கும் இல்லை. இது பதற்றத்தையும் திடுக்கிடலையும் தணிக்கும். அதுவும் உடனே அல்ல, பல வாரங்கள் பிடிக்கும். முதல் வாரங்களில் குமட்டல், தலைவலி வரலாம்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். இவரும் பத்தாம் நாளே, "அக்கா, இது எனக்கு ஒத்துக்கலை" என்று நிறுத்தப் பார்த்தார். என் மனைவிதான் மீண்டும் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். குணம் தெரிந்த பிறகும் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும். மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மாத்திரை பாதி வழிதான். நடந்ததைப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் பேசித் தீர்க்கும் சிகிச்சைக்கே உலக சுகாதார நிறுவனம் முதலிடம் தருகிறது. நல்ல தூக்கம் வந்த பிறகுதான் அப்படிப் பேசவே தமக்குத் தெம்பு வந்தது என்றார் இவர். கனவு இப்போதும் வருகிறது, எப்போதாவது.

நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.