சிமெண்டு வரி குறைந்தது, மதிப்பீட்டைத் திருத்தினோமா?

பாலக்காட்டின் சித்தூரிலும் இடுக்கியின் குமுளியிலும் வீடு கட்டுவோர்க்கு எல்லைக்கு அப்பாலுள்ள பொள்ளாச்சியும் கம்பமும் பக்கத்துக் கடைத்தெருக்களே. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் இரு மாநிலங்களிலும் வரி விகிதம் ஒன்றே. வாளையார் வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசையில் காத்துக்கிடந்த காலமும் முடிந்தது. ஆகவே, எல்லை கடந்து வாங்குவது ஆதாயமா என்பதைக் கடைக்காரர் சொல்லும் அடிப்படை விலையும் வண்டி வாடகையுமே இன்று தீர்மானிக்கின்றன.

2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துள்ளது. வரிக்கு முந்தைய விலை 300 ரூபாய் எனக் கொண்டால், 384 ரூபாய்க்கு விற்ற மூட்டை 354 ரூபாயாகிறது. 400 மூட்டைகளுக்கு மிச்சம் 12,000 ரூபாய். எனினும், வரி பத்துப் புள்ளி குறைந்ததால் வீட்டுச் செலவும் பத்து விழுக்காடு குறையும் என எண்ணுவது பிழை. சிமெண்டு விலையே எட்டு விழுக்காட்டிற்குச் சற்றுக் குறைவாகத்தான் இறங்குகிறது. கம்பிக்கான 18 விழுக்காடு வரி மாறவில்லை. கொத்தனார் கூலிக்கும் இக்குறைப்பிற்கும் தொடர்பில்லை.

வரிக் குறைப்புக்கு முன் தயாரித்த மதிப்பீடு கையிலிருந்தால், அதைப் பொறியாளரிடம் கொடுத்துத் திருத்திக்கொள்வோம். பட்டியலில் அடிப்படை விலையும் வரியும் தனித்தனியே உள்ளனவா என்று பார்ப்போம். வரி இறங்கியபோது அடிப்படை விலை ஏறியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். மிச்சமாகும் தொகையைக் கடைசித் தவணைக் கடனில் குறைத்துக்கொள்வோம். வாங்காத கடனுக்கு வட்டி இல்லை.