பூட்டி வைத்த மாத்திரை

இந்தியாவில் விற்கும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை அட்டையின் இடது மேல் மூலையில் சிவப்பு நிறத்தில் 'எக்ஸ்ஆர்எக்ஸ்' என்று அச்சிட்டிருக்கும். காய்ச்சல் மாத்திரையிலோ சர்க்கரை மாத்திரையிலோ இந்தக் குறி இருக்காது. கடைக்காரர் இதைத் தனி அலமாரியிலோ இழுப்பறையிலோ பூட்டித்தான் வைக்க வேண்டும். டாக்டர் மருந்துச்சீட்டை இரண்டு படியாக எழுதித் தர வேண்டும். அதில் ஒரு படி கடையிலேயே தங்கும். இரண்டு ஆண்டுகள் அதைப் பத்திரப்படுத்த வேண்டும். விற்ற கணக்கு வரிசை எண்ணிட்ட பதிவேட்டில் ஏறும்.

இத்தனை கெடுபிடியும் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கப்போகும் மாத்திரைக்கு!

கவனம் நிலைக்காமை, அடங்காத துறுதுறுப்பு, யோசிப்பதற்கு முன்பே செயலில் இறங்கிவிடுவது ஆகியவை சேர்ந்த குறைபாட்டை மருத்துவர்கள் ஏடிஹெச்டி என்கிறார்கள். வெறும் வால்தனத்துக்கு இந்தப் பெயர் பொருந்தாது. அறிகுறிகள் 12 வயதுக்குள் தலைகாட்டியிருக்க வேண்டும். ஆறு மாதமாவது தொடர வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டிக்கொடுக்காது. பெற்றோரும் ஆசிரியரும் சொல்வதைக் கேட்டு, பிள்ளையோடு உட்கார்ந்து பேசித்தான் டாக்டர் முடிவுக்கு வருகிறார்.

இதற்குக் கொடுக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட் ஓர் ஊக்க மருந்து. துள்ளுகிற பிள்ளைக்கு ஊக்க மருந்தா என்று எவருக்கும் கேட்கத் தோன்றும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் கவனத்தையும் கட்டுப்பாட்டையும் கவனித்துக்கொள்கிறது. அங்கே டோபமைன், நார்அட்ரினலின் என்ற இரு வேதிப்பொருள்களின் அளவை இந்த மருந்து கூட்டுகிறது. உசுப்பப்படுவது அந்தக் கட்டுப்பாட்டுப் பகுதி என்பதால், பிள்ளை ஓரிடத்தில் அமர்ந்து வேலையை முடிக்க முடிகிறது.

ஊக்க மருந்து பிள்ளைகளுக்கு இப்படி உதவும் என்பது தற்செயலாகத் தெரியவந்த விஷயம். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் குழந்தைகளுக்கான மனநல விடுதி ஒன்றை நடத்திவந்தவர் டாக்டர் சார்லஸ் பிராட்லி. முதுகுத்தண்டு நீரை வடித்து எடுக்கும் மூளை எக்ஸ்-ரே சோதனைக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் கடுமையான தலைவலி வந்தது. அதற்கு மருந்தாக ஆம்ஃபிடமின் வகையைச் சேர்ந்த பென்ஸெட்ரின் கொடுத்துப் பார்த்தார். தலைவலி தீர்ந்ததோ இல்லையோ, பலர் திடீரென்று பாடத்தில் கெட்டிக்காரர்களானார்கள். 30 பிள்ளைகளிடம் கண்டதை 1937இல் எழுதி வெளியிட்டார். பிள்ளைகளே அதற்குக் 'கணக்கு மாத்திரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிஸோன் 1944இல் மெத்தில்ஃபெனிடேட்டை உருவாக்கினார். டென்னிஸ் ஆடப் போகுமுன் அதைச் சாப்பிட்டுப் பார்த்த மனைவி ரீட்டாவின் பெயரால் அது ரிட்டாலின் ஆனது.

அதே காலத்தில் இந்த ஊக்க மருந்துகளின் மறுபக்கமும் வெளிப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் ஜப்பானும் மெத்தாம்ஃபிடமினைப் படைவீரர்களுக்குக் கொடுத்தன. போர் முடிந்ததும் மிச்ச இருப்பு ஜப்பானியத் தெருக்களில் புழங்க, 1951இல் அந்நாடு தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் உடல் மெலிய என்று ஆம்ஃபிடமினை விழுங்கி அடிமையானவர்கள் ஏராளம். 1971இல் ஐ.நா. உடன்படிக்கை இவற்றைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. இன்று கடையில் இருக்கும் பூட்டு அந்த வரலாற்றிலிருந்து வந்தது.

மருந்து கொடுக்கும் முறையிலும் நிதானம் தேவை. மெத்தில்ஃபெனிடேட் வழக்கமாக 5 மில்லிகிராம் போன்ற சிறிய அளவில் தொடங்கி, வாரா வாரம் பார்த்துப் பார்த்துக் கூட்டப்படுகிறது. ஒரே வயது, ஒரே எடை உள்ள இரண்டு பிள்ளைகளுக்குத் தேவைப்படும் அளவு ஒன்றாகவே இருக்கும் என்பதில்லை. சாதாரண மாத்திரையின் வேலை மூன்று நான்கு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். கான்செர்ட்டா போன்ற நீண்ட நேர மாத்திரை, உள்ளே ஈரம் ஏற ஏற மருந்தைச் சிறு துளை வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். அதை மெல்லவோ உடைக்கவோ கூடாது. வெறும் கூடு மலத்தில் வந்து விழுவதைப் பார்த்து மருந்து செரிக்கவே இல்லை என்று பதறும் பெற்றோர் உண்டு. பயம் வேண்டாம், மருந்து உள்ளே இறங்கிவிட்டது.

பசி குறைவது, தூக்கம் தள்ளிப்போவது இரண்டும் அடிக்கடி வரும் பக்கவிளைவுகள். ஒவ்வொரு சந்திப்பிலும் உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்க்கப்படும். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் இதயக் கோளாறு இருந்ததா என்று தொடக்கத்திலேயே கேட்பார்கள். ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான்.

பூட்டுக்கு ஒரு விலை உண்டு என்பதை அமெரிக்கா அண்மையில் கண்டது. ஆம்ஃபிடமின் கலவையான அடரால் அங்கே 1996 முதல் ஏடிஹெச்டிக்கு விற்கப்படுகிறது. ஆண்டுக்கு எவ்வளவு தயாரிக்கலாம் என்ற உச்சவரம்பை விதிப்பது போதைமருந்துத் தடுப்பு அமைப்பான டிஇஏ. பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்க முடியாது. 2020 மார்ச்சில், கொரோனாவை ஒட்டி, நேரில் பார்க்காமலே காணொளியில் சீட்டு எழுத அனுமதி கிடைத்தது. 2022 அக்டோபரில் அடரால் தட்டுப்பாடு அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. நோயாளிகள் கடை கடையாக அலைந்தார்கள். உச்சவரம்புதான் காரணம் என்று பலர் சாடினார்கள். ஆனால் 2023 ஆகஸ்டில் வெளிவந்த அரசுக் கடிதம், 2022இல் நிறுவனங்கள் தங்கள் ஒதுக்கீட்டில் சுமார் 70 விழுக்காட்டையே விற்றதாகவும், இன்னும் ஏறத்தாழ 100 கோடி வேளைக்கான மருந்தைத் தயாரித்திருக்கலாம் என்றும் சொன்னது. இன்னொரு பக்கம், 'டன்' என்ற இணையவழி மருத்துவ நிறுவனத்தின் நிறுவனர் 2024 ஜூனில் கைதானார். தேவையில்லாதவர்களுக்கும் சீட்டு கிடைக்கச் செய்து, 4 கோடிக்கும் மேற்பட்ட மாத்திரைகளைப் புழங்கவிட்டதாக அரசுத் தரப்பு குற்றம்சாட்டியது.

அமெரிக்கா கதவைத் திறந்த அதே 2020 மார்ச்சில், இந்தியாவில் தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியாகின. கடுமையான கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் பட்டியலான ஷெட்யூல் எக்ஸில் இருப்பவற்றை போனிலோ காணொளியிலோ எழுதக் கூடாது என்று அவை தடை விதித்தன. அந்தப் பட்டியலில்தான் மெத்தில்ஃபெனிடேட் இருக்கிறது.

நடைமுறையில் இதன் சுமை குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது. ஷெட்யூல் எக்ஸ் மருந்து விற்கத் தனி உரிமம் வேண்டும். இதற்காக மெனக்கெட எல்லாத் தெருமுனைக் கடைக்காரர்களும் தயாராக இல்லை. பெரிய மருத்துவமனையின் மருந்தகமே பலருக்குக் கதி. ஏடிஹெச்டி உள்ள பெரியவருக்கோ இன்னும் திண்டாட்டம். தேதியை மறப்பதும் காகிதத்தைத் தொலைப்பதும் அவருடைய குறைபாட்டின் அறிகுறிகளே. அவர்தான் அடுத்த சந்திப்பை நினைவில் வைத்து, இரண்டு படிச் சீட்டோடு சரியான கடைக்குப் போய்ச் சேர வேண்டும்.

அதனால் சீட்டு எழுதும்போதே எந்தக் கடையில் இருப்பு உண்டு என்று டாக்டரிடம் கேட்டுவைப்பது நல்லது. மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்த சந்திப்பு அமைய வேண்டும். வீட்டிலும் மருந்தைப் பெரியவர் பொறுப்பில், கைக்கெட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பரீட்சை நேரத்தில் அண்ணனோ நண்பனோ கேட்டாலும் கொடுக்கக் கூடாது. ஊக்க மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், பூட்டு வைத்த கடை பக்கத்தில் இல்லாதவர்களுக்கும் ஆட்டமாக்ஸெட்டின் என்ற மாற்று உண்டு. அது ஊக்க மருந்து வகையைச் சேர்ந்ததல்ல. ஆனால் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும்.