நிறுத்தவே முடியாத குழாய்: பாதாளச் சாக்கடையை ஓடவிட்டே ரிப்பேர் செய்வது எப்படி?

குடிநீர்க் குழாய் உடைந்தால் வால்வை மூடிவிடலாம். 'நாளைக்குத் தண்ணி வராது, பிடிச்சு வெச்சுக்கோங்க' என்று ஒரு அறிவிப்பு போதும். ஆனால், பாதாளச் சாக்கடைக் குழாய் உடைந்தால்? 'நாளைக்கு யாரும் பாத்ரூம் போகாதீங்க'ன்னு ஊருக்கே சொல்ல முடியுமா?

ரோட்டில் பாதியை மறித்து, பம்ப் உறும, ஓரமாகத் தடிமனான குழாய் நீண்டு கிடப்பதைப் பார்த்து, டிராஃபிக்கில் நின்றபடி நாம் எரிச்சலடைந்திருப்போம். அங்கே நடப்பது என்ன?

எவ்ளோ பழசு?

சென்னையின் பாதாளச் சாக்கடைத் திட்டம் வடிவமைக்கப்பட்டது 1910-ல். 1961-ல் நகரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்பது அன்றைய கணக்கு. ஆனால், 1961-ல் மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பிறகு பலமுறை விரிவாக்கப்பட்டாலும், பழைய குழாய்களின் மேல் சுமை ஏறிக்கொண்டேதான் போகிறது.

குழாய் ஏன் அரிக்கிறது?

கழிவுநீர் தேங்கும்போது, அதிலுள்ள பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உருவாக்குகிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதேதான். இந்த வாயு மேலெழுந்து குழாயின் கூரையில் படியும். அங்கே இன்னொரு வகை பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றும். அந்த அமிலம் கான்கிரீட்டைத் தின்னும். அதனால் பல கான்கிரீட் குழாய்களில் முதலில் மெலிவது மேல்பக்கம்தான். அது உடைந்தால், மேலிருக்கும் மண் உள்ளே சரியும். ஒருநாள் ரோடே 'பொத்'தென்று உள்வாங்கும்.

முதல் வேலை, தண்ணீரைத் திருப்புவது

பழுதான பகுதிக்கு முந்தைய மேன்ஹோலில், காற்றடைத்த ரப்பர் அடைப்பானால் குழாயை மூடுவார்கள். அங்கே சேரும் கழிவுநீரை பம்ப் உறிஞ்சி, ரோட்டோரக் குழாய் வழியாக, பழுதைத் தாண்டியுள்ள மேன்ஹோலில் கொட்டும். இதுதான் பைபாஸ். ஒரு பம்ப் நின்றால் அடுத்த சில நிமிடங்களிலேயே கழிவுநீர் எதிர்த்து ஏறத் தொடங்கலாம். அதனால் ஸ்டாண்ட்பை பம்ப் கட்டாயம் தேவை. நள்ளிரவுக்குப் பிறகு வரத்து குறையும் என்பதால், முக்கியமான வேலைகளைப் பெரும்பாலும் அப்போதுதான் வைத்துக்கொள்வார்கள்.

தோண்டாமலும் சரிசெய்யலாம்

1971-ல் லண்டனில் எரிக் வுட் என்ற பொறியாளர், பழைய கழிவுநீர்க் குழாய் ஒன்றுக்குள்ளேயே புதிய குழாயை உருவாக்கினார். இன்று உலகம் முழுக்கப் பயன்படும் இந்த முறையின் பெயர் சிஐபிபி. குழாயை முதலில் சுத்தம் செய்து, கேமரா அனுப்பிப் பார்ப்பார்கள். பிறகு, ரெசினில் ஊறிய துணிக் குழல் ஒன்றைக் காற்று அல்லது நீர் அழுத்தத்தால் உள்ளே செலுத்துவார்கள். அது பலூன் போல விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வெந்நீர், நீராவி அல்லது புற ஊதா ஒளி பட்டதும் கெட்டியாகிவிடும். பழைய குழாய்க்குள் புதுக் குழாய் ரெடி!

இதில் ஒரு சிக்கல் உண்டு. புதிய உறை, வீடுகளிலிருந்து வரும் இணைப்பு வாய்களையும் மூடிவிடும். கேமராவோடு போகும் ரோபோ கட்டர்தான் உள்ளிருந்து அவற்றை மறுபடி திறக்கும். அதுவரை உங்கள் வீட்டுக் கழிவுநீர் போக வழியில்லை. 'சில மணி நேரம் வாஷிங் மெஷின் போடாதீங்க' என்று சொல்வது அதனால்தான். அதை மீறினால், தண்ணீர் கீழ்த்தள வீட்டு பாத்ரூமில் பொங்கும்.

எல்லாக் குழாய்க்கும் இது சரிவராது. குழாய் முற்றிலும் நொறுங்கியிருந்தாலோ, வாட்டம் கெட்டுத் தாழ்ந்திருந்தாலோ தோண்டித்தான் ஆக வேண்டும்.

மனிதர் இறங்கணுமா?

கேமராவும் ரோபோவும் வந்ததன் பெரிய பயனே இங்கேதான். ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் தெரியாது, ஆபத்தும் தெரியாது. அப்படி மயங்கி விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறப்பது நம் ஊரில் திரும்பத் திரும்ப நடக்கிறது. பாதுகாப்பு உபகரணங்கள் இல்லாமல் மனிதர்களை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடையில் இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 'சீக்கிரம் முடிங்க' என்ற நெருக்கடி வரும்போது முதலில் காற்றில் பறப்பது பாதுகாப்புதான்.

நாம என்ன செய்யலாம்?

நாப்கின், டயப்பர், சமையல் எண்ணெயைச் சாக்கடையில் விடாதீர்கள். மொட்டை மாடி மழைநீரைக் கழிவுநீர் இணைப்பில் கோக்காதீர்கள். மழை நாளில் மேன்ஹோல் பொங்க அதுவும் ஒரு காரணம். உங்கள் தெருவில் யாராவது வெறும் உடம்போடு மேன்ஹோலில் இறங்கினால், கடந்து போகாதீர்கள். தடுத்து நிறுத்துங்கள், புகார் கொடுங்கள். வேலை ஒருநாள் தள்ளிப்போனால் பரவாயில்லை.