மூத்த கையின் வலி

குத்துச்சண்டை வீரனைவிட்டு முதலில் நீங்குவன கண்ணின் கூர்மையும் காலின் விரைவும். இறுதியில் நீங்குவது குத்தின் வலியே என்பது அத்துறையினர் வழக்கு. இலக்கணம் போதிக்கும் பண்டிதனுக்கு இதில் என்ன அக்கறை என அன்பர்கள் வினவலாம். ஐம்பதைக் கடந்த எவனுக்கும், தன்னிடம் எஞ்சுவது யாது என்ற வினா அயலானதன்று.

இதற்குச் சான்றாக யாவரும் காட்டுபவர் அமெரிக்கரான ஜோர்ஜ் போர்மன். 1973 ஜனவரியில், ஜமேக்காவின் கிங்ஸ்ரன் நகரில், ஜோ பிரேசியரை இரண்டே சுற்றுக்களில் ஆறு முறை வீழ்த்தி அதிபாரப் பிரிவின் உலக வாகை சூடியவர் அவர். அடுத்த ஆண்டு ஒக்டோபரில், அன்றைய சயர் நாட்டின் கின்ஷாசாவில், முகம்மது அலி அதனைப் பறித்தார். கயிற்றிற் சாய்ந்தபடி, போர்மன் அடித்தடித்துத் தாமே களைக்கும்வரை பொறுத்திருந்து, எட்டாஞ் சுற்றில் அவரைச் சாய்த்தார் அலி. போர்மனுக்கு அப்போது வயது 25. வலிக்குக் குறைவில்லை, அதனைச் செலவிடும் அளவறியாமையே குறை.

1977இல் களத்தைத் துறந்து சமயப் போதகரான அவர், பத்தாண்டுகளின் பின் மீண்டார். பருத்த உடலையும் மழித்த தலையையும் கண்டு நகைத்தோர் பலர். 1994 நவெம்பர் 5ஆம் நாள், லாஸ் வேகாசில், 26 வயதினரான மைக்கல் மூரரை எதிர்த்து நின்றபோது போர்மனுக்கு வயது 45. சயரில் அணிந்த அதே காற்சட்டை. அன்று அலியின் மூலையில் நின்ற அஞ்சலோ டண்டி இம்முறை போர்மனின் மூலையில்! ஒன்பது சுற்றுக்கள்வரை நடுவர் மூவரின் கணக்கிலும் மூரரே முன்னின்றார். பத்தாஞ் சுற்றில், வீச்சென்று சொல்லவும் போதாத குறுகிய வலக்கைக் குத்தொன்று மோவாயிற் பட்டது. மூரர் மல்லாந்தார்.

குத்து என்பது கையின் தொழிலன்று. பாதம் நிலத்தை உந்த, அவ்வுந்துகை தொடை, இடுப்பு, முதுகு வழியே முட்டியை அடைகிறது. மூப்பில் முதலில் மெலிவன விரைந்து சுருங்கும் தசைநார்களே. ஆதலால் போர்மனின் வலி சற்றுந் தேயவில்லை என்பாரோடு நான் உடன்படேன். தேய்ந்ததை உடற்பாரமும் காலமறிதலும் ஈடுசெய்தன. கின்ஷாசாவில் 220 இறாத்தலாயிருந்தவர் மூரரைச் சந்தித்தபோது 250 இறாத்தல். பத்துக் குத்து வேண்டிய இடத்தில் ஒன்றுக்காகக் காத்திருக்கவும் பழகியிருந்தார்.

(வலி என்னும் சொல் பழந்தமிழில் ஆற்றலையும் இக்காலத்தில் நோவையும் குறிப்பதை மாணாக்கர் இங்கே நினைவுகொள்க. அடிப்பவனிடம் ஒன்றும், பொறுப்பவனிடம் மற்றொன்றும்.)

அந்தக் காத்திருப்புக்கு விலை உண்டு. ஒரு குத்துக்காக ஒன்பது சுற்று அடியைத் தாங்க எல்லா உடலும் இசைவதில்லை. வரிக்கடன் நெருக்க மீண்டும் களம் புகுந்த ஜோ லூயிசை, அவருடைய 37ஆம் வயதில், 1951இல், ரொக்கி மார்சியானோ எட்டாஞ் சுற்றிற் கயிற்றுக்கு வெளியே தள்ளினார். 1980 ஒக்டோபரில் 38 வயது அலி லாரி ஹோம்ஸ் முன் பத்துச் சுற்றுக்கள் அடிவாங்கினார். அவர் பக்கத்தினரே போரை நிறுத்த வேண்டியதாயிற்று. நான்காண்டுகளில் அவருக்குப் பார்க்கின்சன் நோய் எனக் கண்டனர். களத்து வலியைப் புகழ்வோர் இவ்விருவரையும் விரைந்து கடந்துபோவதுண்டு.

போர்மன் 1997 நவெம்பரில், 48ஆம் வயதில், சனன் பிரிக்ஸ் என்பவரிடம் புள்ளிகளால் தோற்று ஓய்ந்தார். அத்தீர்ப்பை ஒப்பாதோர் இன்றும் உளர்.