கோழித் தீவனத்தில் இருந்த கடைசி மருந்து

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காத்திருக்கும் உறவினர்களிடம் எங்கள் மருத்துவர்கள் சில வேளைகளில், "கோலிஸ்டின் தொடங்கியிருக்கிறோம்" என்று கூறுவதுண்டு. பெரும்பாலோருக்கு அது மற்றுமோர் ஊசிமருந்தின் பெயர், அவ்வளவே. ஆயினும் நாமக்கல், மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கங்களிலிருந்து வருவோரில் சிலர், "இந்தப் பெயரைக் கோழிப்பண்ணையில் கேட்டிருக்கிறோமே" என்று வியப்புடன் வினவுகின்றனர். அவர்கள் கேட்டது சரியே. உயிருக்குப் போராடும் நோயாளிக்கு வேறெந்த மருந்தும் பயன் தராதபோது நாங்கள் கையில் எடுக்கும் இம்மருந்து, 2019 வரை நம் நாட்டில் கோழித் தீவனத்திலும் கலக்கப்பட்டு வந்தது. அதனால் நேர்ந்தது என்ன, இன்று நோயாளியின் குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை எவை என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

கோலிஸ்டின் புதிய மருந்தன்று. மண்ணில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாவிலிருந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 1940களின் இறுதியில் இதைப் பிரித்தெடுத்தனர். சில காலம் மனிதருக்குப் பயன்பட்ட பின், சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பதால் 1970களில் மருத்துவர்கள் இதை ஒதுக்கி வைத்தனர். அதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் அப்போது கிடைக்கத் தொடங்கியிருந்தன. மனிதருக்கு வேண்டாததாகிவிட்ட மருந்து கால்நடைகளுக்குப் போயிற்று. அன்றைய நிலையில் அதைப் பெரும் பிழையென்று சொல்லிவிட முடியாது.

நிலைமை பின்னர் மாறியது. கார்பாபெனம் என்னும் வலிமைமிக்க மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் பெருகின. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளரை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 2010இல் வெளிவந்த ஆய்வொன்று, சென்னையிலும் அரியானாவிலும் அத்தகைய கிருமிகள் இருப்பதை உலகறியச் செய்தது. கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற அக்கிருமிகளை அடக்க எஞ்சியிருந்த மிகச் சில மருந்துகளுள் ஒன்று, பழைய கோலிஸ்டின். பரணில் போட்ட பாத்திரத்தை விருந்தாளி வந்ததும் தேடி எடுப்பதுபோல மருத்துவர்கள் அதை மீண்டும் எடுத்தனர். அதற்குள் பல நாடுகளின் பண்ணைகளில் அது அன்றாடப் பொருளாகியிருந்தது.

இம்மருந்து வேலை செய்யும் விதம் அறியத்தக்கது. இக்கிருமிகளின் மேலுறை எதிர்மின்னூட்டம் கொண்டது. கோலிஸ்டின் மூலக்கூறு நேர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. உறையை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றை மருந்து தள்ளிவிட்டு உள்ளே நுழைகிறது. உறை சிதைந்து கிருமி மடிகிறது. 2015இல் சீன ஆய்வாளர்கள், இம்மருந்திலிருந்து கிருமி தப்புவதற்கு உதவும் எம்.சி.ஆர்.-1 என்னும் மரபணுவைக் கண்டறிந்து வெளியிட்டனர். அம்மரபணு, கிருமியின் உறைமீது சிறியதொரு வேதிக்குழுவை ஒட்டி, எதிர்மின்னூட்டத்தைக் குறைத்துவிடுகிறது. மருந்துக்குப் பற்றிக்கொள்ள இடமில்லை. அதைவிடக் கவலை தருவது, அம்மரபணு ஒரு கிருமியிலிருந்து மற்றொரு கிருமிக்குக் கைமாறக் கூடியது என்பதே. கோழியின் குடலில் உள்ள கிருமி அதைப் பெற்றால், அது எருவிலும் நீரிலும் கைகளிலும் பயணம் செய்து மனிதரின் கிருமிகளையும் அடையலாம்.

வாய்வழி கொடுக்கும் கோலிஸ்டினைக் குடல் ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. தீவனத்தில் சேர்ந்தது பெரும்பாலும் எச்சத்துடன் வெளியேறும். நம் பகுதியில் கோழி எரு வயல்களுக்கே போகிறது என்பதை வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. நோயுற்ற கோழிக்குச் சிகிச்சையாகக் கொடுப்பதற்கும், நோயில்லாத கோழி விரைந்து வளர்வதற்காகச் சிறிய அளவில் நாள்தோறும் கொடுப்பதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவது முறையில் கிருமி சாவதில்லை; மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. மத்திய அரசு 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் கால்நடைகள், கோழிகள், மீன்வளர்ப்பு, தீவனச் சேர்க்கைகள் ஆகியவற்றுக்குக் கோலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் வழங்குவதையும் தடை செய்தது. சரியான முடிவு, சற்றுத் தாமதமாக வந்தது என்பதே எங்கள் கருத்து.

பண்ணையாளர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. சளிக்கும் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் மருந்து பயன்படாது என்று தெரிந்தும், "ஏதாவது ஊசி போடுங்கள்" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. கேட்டவுடன் எழுதிக் கொடுக்கும் மருத்துவர்களும் உண்டு. பக்கத்து வீட்டாரின் மீதி மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுப்பதும், பண்ணைக்கு வாங்கிய மருந்தை அளவு பார்த்து மனிதர் உண்பதும் இப்பகுதியில் நாங்கள் அறியாதவையல்ல. இவை ஆபத்தானவை. பட்டையின் பின்புறம் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டின்றி அம்மருந்தை வாங்கலாகாது. 2014 முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணையில் சேர்ந்த மருந்துகளுக்கு, நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். கடையில் பெயர் கேட்டால் சினம் கொள்ள வேண்டாம்.

எத்தனை நாள் உண்பது என்பதை மருத்துவரே தீர்மானிக்கட்டும். சில நோய்களுக்குக் குறுகிய காலமே போதும் என்று அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் காய்ச்சல் விட்டது என்று தாமாக நிறுத்துவது அதனோடு ஒன்றாகாது. மீதி இருந்தால் அதைச் சாக்கடையிலோ வாய்க்காலிலோ போடாமல், எங்கள் மருந்தகப் பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

உங்கள் உறவினருக்குக் கோலிஸ்டின் கொடுக்கப்படும் நிலை வந்தால், இரண்டு செய்திகளை மனத்தில் வையுங்கள். ஒன்று, சிறுநீரகம். நாள்தோறும் இரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பதும், சிறுநீரின் அளவைக் குறித்து வைப்பதும் இதற்காகவே. "தினமும் ஏன் இரத்தம் எடுக்கிறீர்கள்" என்ற மனக்குறை எங்களுக்குப் புரிகிறது, தவிர்க்க இயலவில்லை. முன்பே சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, வலிநிவாரணி மாத்திரைகளை வழக்கமாக உண்டு வந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள்.

மற்றொன்று, அளவு. ஊசியாகச் செலுத்துவது கோலிஸ்டிமெத்தேட் சோடியம் என்னும் மாற்றுருவம். உடலுக்குள் சென்றபின் அது கோலிஸ்டினாக மாறுகிறது. அதன் 10 லட்சம் அலகு என்பது ஏறத்தாழ 80 மில்லிகிராம். அதையே கோலிஸ்டின் அடிப்படையில் கணக்கிட்டால் ஏறத்தாழ 34 மில்லிகிராம். ஒரே குப்பிக்கு மூன்று எண்கள்! இக்குழப்பத்தால் உலகின் பல இடங்களில் அளவு தவறியிருக்கிறது. ஆகையால் வெளிக்கடையில் வாங்க நேர்ந்தால், சீட்டில் உள்ள எண்ணும் அலகும் குப்பியில் உள்ளவையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறுபட்டால் வாங்காமல் செவிலியரிடம் வந்து கேளுங்கள்.

முட்டை உண்ணலாமா என்று பலரும் கேட்கின்றனர். தாராளமாக உண்ணலாம், நன்கு வேக வைத்தால் கிருமிகள் மடிந்துவிடும். பச்சை இறைச்சியையும் முட்டை ஓட்டையும் தொட்ட கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். இறைச்சி நறுக்கிய பலகையில் காய்கறி நறுக்க வேண்டாம். பண்ணையில் வேலை செய்வோர் அடுத்த முறை வரும்போது, கேட்காவிட்டாலும் அதை மருத்துவரிடம் தெரிவியுங்கள். கடந்த மூன்று மாதங்களில் உண்ட மாத்திரைகளின் பட்டைகளையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள்.